நின்று பிழைக்கும் கால்களுக்கு நல்ல காலணி: தேர்ந்தெடுப்பது எப்படி?

ஒரு மூட்டை துவரம் பருப்பு கொள்முதல் செய்வதற்கு முன்னால் நாம் எத்தனை விதமாகப் பார்க்கிறோம்! குத்தூசி போட்டு மாதிரி எடுக்கிறோம். உள்ளங்கையில் கொட்டி நிறம் பார்க்கிறோம். ஒன்றிரண்டை வாயில் போட்டுக் கடித்து, காய்ந்த சரக்கா ஈரச் சரக்கா என்று கண்டுபிடிக்கிறோம். எடை போட்டுப் பார்க்காமல் எந்த மூட்டையும் குடோனுக்குள் போவதில்லை.

அதே நாம் செருப்புக் கடைக்குப் போனால் என்ன செய்கிறோம்? "எட்டாம் நம்பர் ஒண்ணு குடுங்க" என்கிறோம். உட்கார்ந்தபடியே ஒரு காலில் மட்டும் மாட்டிப் பார்க்கிறோம். விலையில் ஐம்பது ரூபாய் குறைக்கச் சொல்லிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறோம். காலை ஆறு மணி முதல் இரவு பத்து மணி வரை நம்மைத் தாங்கி நிற்கும் காலுக்கு நாம் செய்யும் கொள்முதல் இவ்வளவுதான்.

எனக்கு நெடுநாள் பழக்கமான மளிகைக் கடை அண்ணாச்சி ஒருவர். முப்பத்தைந்து வருடமாகக் கடை நடத்துகிறவர். சர்க்கரை நோய் வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. லட்சுமி குடியிருக்கும் இடம் என்று கடைக்குள் செருப்புப் போட மாட்டார். ஒருநாள் இரவு கடை எடுத்து வைக்கும்போது தரையில் சிவப்பாகத் திட்டுத் திட்டாகத் தெரிந்திருக்கிறது. யாரோ வெற்றிலை எச்சில் துப்பிவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று பையனைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டிருக்கிறார். பையன்தான், "அண்ணாச்சி, உங்க காலுல ரத்தம்" என்று சொன்னானாம். மூட்டை தைக்கும் கோணி ஊசியின் உடைந்த முனை உள்ளங்காலில் ஏறியிருந்தது. எப்போது ஏறியது என்றே அவருக்குத் தெரியவில்லை. புண் ஆறாமல் கடைசியில் இரண்டு விரல்களை எடுக்கவேண்டியதாயிற்று. தீபாவளி வியாபாரம் முழுவதையும் அவருடைய மனைவியும் மகனும்தான் பார்த்தார்கள். "வலிச்சிருந்தா அப்பவே பார்த்திருப்பேன்பா, வலிக்கலையே" என்று அவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் காலணியைப் பற்றி விசாரித்துத் தெரிந்துகொள்ள ஆரம்பித்தேன். தெரிந்துகொண்டவற்றை நம் வணிக நண்பர்களுக்குப் பயன்படும் வகையில் இங்கே தருகிறேன்.

நிற்பது ஏன் இவ்வளவு சிரமம்?

நம் உடலில் உள்ள 206 எலும்புகளில் 52 எலும்புகள் இரண்டு பாதங்களில் மட்டுமே இருக்கின்றன. அதாவது நான்கில் ஒரு பங்கு. இத்தனை சிறு எலும்புகளும் வளைவாக அமைந்து ஒரு வில்போல வேலை செய்கின்றன. நடக்கும்போது இந்த வில் அமுங்கி எழுகிறது. கெண்டைக்கால் தசை சுருங்கி விரிந்து, காலில் இறங்கிய ரத்தத்தை மேலே தள்ளுகிறது.

ஒரே இடத்தில் நிற்கும்போது இந்த வேலை நடப்பதில்லை. ரத்தம் காலிலேயே தங்குகிறது. மாலையில் கால் கனப்பதும், கணுக்கால் வீங்குவதும், ஆண்டுகள் செல்லச் செல்ல நரம்பு சுருட்டிக்கொள்வதும் இதனால்தான். காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகாலில் ஆணி அடித்தாற்போல் வலிக்கிறதே, அதற்கும் நீண்ட நேரம் கெட்டித் தரையில் நிற்பது ஒரு முக்கியமான காரணம். மொசைக், கிரானைட், சிமெண்டு ஆகிய தரைகள் கொஞ்சமும் விட்டுக்கொடுப்பதில்லை. தரை விட்டுக்கொடுக்காதபோது விட்டுக்கொடுக்க வேண்டியது காலணியின் அடிப்பகுதி. அதுவும் இல்லாவிட்டால் பாதம்தான் அந்தப் பாரத்தை வாங்கிக்கொள்கிறது.

முதல் கேள்வி: எந்த வேலைக்கு?

காலணியில் எல்லா வேலைக்கும் பொருந்துவது என்று ஒன்று கிடையாது. நம் தொழிலில் மூன்று விதமான கால்கள் இருக்கின்றன.

முதலாவது, கல்லாவிலும் தராசிலும் நிற்பவர் கால். இவருக்கு வேண்டியது மெத்தென்ற உள்பாகமும், குதிகாலை அசையாமல் பிடிக்கும் பின்பகுதியும். கனமான பூட்ஸ் தேவையில்லை.

இரண்டாவது, குடோனில் மூட்டை ஏற்றி இறக்குபவர் கால். ஐம்பது கிலோ மூட்டையோ பதினைந்து கிலோ எண்ணெய் டின்னோ தவறி விழுந்தால் விரல் நசுங்கிவிடும். கள்ளிப்பெட்டி ஆணியும் தகரத் துண்டும் கீழே கிடக்கும். இவருக்கு விரல் பகுதியில் இரும்புக் கவசம் வைத்த பூட்ஸ்தான் பொருத்தம். ஐ.எஸ். 15298 என்ற இந்தியத் தர எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இந்தத் தரத்தின் இரண்டாம் பகுதியில் வரும் பாதுகாப்புக் காலணியின் முன்கவசம் 200 ஜூல் வேகத் தாக்குதலைத் தாங்கவேண்டும். நம் கணக்கில் சொன்னால், 20 கிலோ எடைக்கல் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் அடி அது.

மூன்றாவது, காய்கனி, மீன், வாழைக்காய் மண்டிகளில் ஈரத்தில் நிற்பவர் கால். இவருக்குத் தோல் காலணி உதவாது. முழங்காலுக்குக் கீழ்வரை வரும் ரப்பர் பூட்ஸ் நல்லது. ஆனால் அதற்குள் காற்றுப் போகாது. வியர்வையில் கால் ஊறி விரலிடுக்கில் சேற்றுப்புண் வரும். ஆகவே ஈர வேலை முடிந்ததும் கழற்றி, காலைக் கழுவித் துடைத்து, வேறு காலணிக்கு மாறிவிட வேண்டும்.

அளவு: நம்பரை நம்பாதீர்கள்

காலணி வாங்க மாலையில் போங்கள். காலையில் இருந்த பாதம் மாலையில் இருப்பதில்லை. நாள் முழுதும் நின்ற பிறகு அது சற்று வீங்கியிருக்கும். காலையில் கச்சிதமாக இருந்த ஷூ மாலையில் கடிப்பதற்கு இதுதான் காரணம்.

பெரும்பாலானவர்களுக்கு ஒரு கால் இன்னொரு காலைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும். இரண்டு காலிலும் போட்டுப் பார்த்துப் பெரிய காலுக்கு ஏற்றதை வாங்கவேண்டும். சிறிய காலுக்கு உள்ளே ஒரு மெல்லிய அட்டை வைத்துச் சரிசெய்துகொள்ளலாம். இறுக்கமான ஷூவுக்கு அப்படி ஒரு வழியும் இல்லை.

நம் கடைகளில் 7, 8, 9 என்று சொல்வது பிரிட்டிஷ் அளவு. ஒரு நம்பருக்கும் அடுத்த நம்பருக்கும் நீளத்தில் மூன்றில் ஒரு அங்குலம், அதாவது சுமார் எட்டரை மில்லிமீட்டர் வித்தியாசம். 41, 42 என்று அச்சிட்டிருந்தால் அது ஐரோப்பிய அளவு. அதில் ஒரு நம்பருக்கு மூன்றில் இரண்டு சென்டிமீட்டர் வித்தியாசம். இந்த நம்பர் நீளத்தை மட்டுமே பிரதானமாகச் சொல்கிறது. ஒரு கம்பெனியின் எட்டும் மற்றொரு கம்பெனியின் எட்டும் அகலத்தில் ஒன்றாக இருப்பதில்லை.

இந்த அகலம்தான் நமக்கு முக்கியம். சென்னை அடையாறில் 1948-ல் தொடங்கப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடு முழுவதும் 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை அளந்து பார்த்தது. ஐரோப்பியர், அமெரிக்கர் பாதங்களைவிட இந்தியர் பாதம் அகலமானது என்று அந்த ஆய்வில் தெரியவந்தது. வெளிநாட்டு அச்சில் செய்த குறுகிய ஷூவில் நம் கால் நுழையாதபோது நாம் என்ன செய்கிறோம்? ஒரு நம்பர் கூட்டி வாங்குகிறோம். அகலம் சரியாகிறது, நீளம் கூடிவிடுகிறது. பாதம் உள்ளே முன்னும் பின்னும் ஓடிக் குதிகால் உரசிக் கொப்புளம் போடுகிறது. இதற்கு நம்பரைக் கூட்டுவது தீர்வு ஆகாது. முன்பகுதி அகலமாக உள்ள வேறு மாடலைக் கேட்பதே சரியான வழி.

எடையும் ஒரு செலவு

அமெரிக்காவில் தென் டகோட்டா போன்ற மாநிலங்களில் ஃபெசன்ட் என்னும் காட்டுக்கோழி இனப் பறவையை வேட்டையாடுகிறவர்கள், புல்வெளியிலும் மேட்டிலும் நாள் முழுதும் நடக்கிறார்கள். வேட்டை நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் தடுக்கப்பட்ட விஷயம். நமக்கு அந்த வேட்டை வேண்டாம். அவர்களுடைய பூட்ஸ் கணக்கு மட்டும் வேண்டும்.

முதுகில் கூடும் எடையைவிடக் காலில் கூடும் எடை அதிகம் களைப்பைத் தரும் என்பது அவர்களுடைய அனுபவம். ஒவ்வொரு அடியிலும் அந்த எடையைத் தூக்கி, முன்னே வீசி, மறுபடி நிறுத்தவேண்டியிருக்கிறது அல்லவா? அமெரிக்க ராணுவத்தினர் சோதித்துப் பார்த்ததிலும் காலில் ஏற்றிய சுமை, உடலில் ஏற்றிய அதே சுமையைவிடச் சுமார் நான்கு முதல் ஆறு மடங்கு அதிகச் சக்தியைச் செலவழிக்க வைக்கிறது என்று தெரியவந்தது. ஆகவே அந்த வேட்டைக்காரர்கள் முள்ளுக்கும் கல்லுக்கும் தாங்கும் பூட்ஸ்களில் எடை குறைந்ததைத் தேடுகிறார்கள். கணுக்காலைப் பிடித்துக்கொள்ளும் உயரம் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். புது பூட்ஸோடு நேரே வேட்டைக்குப் போகாமல் பல நாள் வீட்டிலும் தெருவிலும் போட்டுப் பழக்குகிறார்கள்.

குடோனுக்கும் கடைக்கும் நடையாய் நடக்கும் நம் பையனுக்கும், தெருத் தெருவாக ஆர்டர் எடுக்கும் லைன் வியாபாரிக்கும் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும். இரண்டு ஜோடிகளில் எது வாங்குவது என்று சந்தேகம் வந்தால் நம்மிடம்தான் தராசு இருக்கிறதே! நிறுத்துப் பாருங்கள். பாதுகாப்பில் இரண்டும் சமம் என்றால் எடை குறைந்ததை எடுத்துக்கொள்ளுங்கள்.

மேல் பாகமும் அடிப் பாகமும்

மேல் பாகத்துக்கு இன்றும் நல்ல தோலுக்கு இணையாகச் சொல்ல அதிகம் இல்லை. அது வியர்வையை வெளியே விடும், நாளடைவில் காலின் வடிவத்துக்குப் படியும், கிழிந்தால் தைக்கலாம். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு என்று நம் மாநிலத்திலேயே தோல் தொழில் நடக்கும் ஊர்கள் உண்டு. அங்கிருந்து உலக நாடுகளுக்கெல்லாம் ஷூ போகிறது. ஆகவே தோலைத் தெரிந்து வாங்குவது நமக்குப் பெரிய வித்தை அல்ல. வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். உண்மையான தோலில் நார் நாராகத் தெரியும். ரெக்சின் என்றால் ஒரு பக்கம் பளபளப்பான பூச்சும் மறுபக்கம் துணியுமாக இரண்டு அடுக்கு தெரியும். தோலிலும் மேலடுக்கு, கீழடுக்கு என்று உண்டு. மேலடுக்குத் தோலே உறுதியானது. கீழடுக்கை அறுத்தெடுத்துப் பிளாஸ்டிக் பூச்சுப் பூசியதும் தோல் என்றே விற்கப்படுகிறது. அதைக் கட்டைவிரலால் அழுத்தி மடித்தால் இயற்கையான மெல்லிய சுருக்கம் விழாது. சில மாதங்களில் மடிப்புள்ள இடத்தில் பூச்சு வெடித்துவிடும்.

அடிப் பாகத்தில் நம் கடைக்கு வருவன பல வகை.

பி.வி.சி. விலை குறைவு. ஆனால் கனம், கெட்டி. ஈரத் தரையில் வழுக்கும்.

ஈ.வி.ஏ. மிக லேசு, மெத்தென்று இருக்கும். ஆனால் நாள் முழுதும் நிற்பவரின் பாரத்தில் சில மாதங்களில் அமுங்கிவிடும். அமுங்கியது திரும்ப எழாது.

ரப்பர் பிடிப்பு உள்ளது, உழைக்கும். ஆனால் எண்ணெய் ஆகாது. எண்ணெய் படப்பட சாதாரண ரப்பர் ஊதிப் பதம் கெட்டுவிடும். எண்ணெய் வியாபாரிகள் நைட்ரைல் ரப்பர் சோல் கேட்டு வாங்குவது நல்லது.

பி.யு. லேசு, உழைப்பு, எண்ணெய் தாங்கும் குணம் மூன்றும் கொண்டது. ஆனால் இதற்கு ஒரு குறை உண்டு. காற்றின் ஈரப்பதம் இதைச் சிறிது சிறிதாக அரிக்கிறது. விசேஷத்துக்கு மட்டும் என்று பெட்டியில் மூன்று நான்கு வருடம் எடுத்து வைத்த ஷூவைப் போட்டுக்கொண்டு கல்யாண மண்டபத்துக்குப் போனால், சோல் பொடிப் பொடியாக உதிர்வதைப் பார்த்திருப்பீர்கள். ஆகவே பி.யு. சோலில் பழைய ஸ்டாக்கைத் தள்ளுபடி விலையில் வாங்காதீர்கள். தயாரித்த மாதமும் வருடமும் பார்த்து வாங்குங்கள். பருப்புக்கு மட்டுமல்ல, ஷூவுக்கும் பழைய சரக்கு உண்டு.

செருப்புக் கடையில் செய்யவேண்டிய ஏழு சோதனைகள்

1. வீட்டிலிருந்து போகும்போதே பொட்டலம் கட்டும் காகிதத்தில் இரண்டு பாதத்தையும் வைத்து, எழுந்து நின்றபடி சுற்றிக் கோடு போட்டு எடுத்துச் செல்லுங்கள். அந்தப் படத்தின் மேல் ஷூவை வையுங்கள். எங்காவது கோடு வெளியே தெரிந்தால் அந்த இடத்தில் கால் நசுங்கப்போகிறது என்று பொருள்.

2. நின்றுகொண்டு பாருங்கள். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கவேண்டும். நீளமான விரல் பெருவிரலாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. சிலருக்கு இரண்டாவது விரல் நீளம்.

3. முன்பகுதியை மேல்நோக்கி வளையுங்கள். விரல்கள் மடியும் இடத்தில் வளையவேண்டும். நட்டநடுவில் மடிந்தால் அது பாதத்தின் வளைவைத் தாங்காது.

4. துணி பிழிவதுபோல் முறுக்குங்கள். எளிதாக முறுக்கிக்கொண்டால் வேண்டாம்.

5. குதிகாலைப் பிடிக்கும் பின்சுவரை விரலால் அழுத்துங்கள். கெட்டியாக இருக்கவேண்டும்.

6. உள்ளே கையை விட்டுத் தடவுங்கள். தையல் முண்டு, ஆணி முனை, பசைக் கட்டி எதுவும் விரலில் தட்டக்கூடாது.

7. இரண்டு காலிலும் போட்டுக்கொண்டு பத்து நிமிடம் அந்தக் கடையிலேயே நில்லுங்கள், நடங்கள். கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார். நம் கடையில் வாடிக்கையாளர் அரிசியைக் கையில் எடுத்துப் பார்த்தால் நாம் கோபிக்கிறோமா?

"போடப் போட லூஸ் ஆகிவிடும்" என்ற பேச்சை நம்பாதீர்கள். தோல் அகலத்தில் சற்றுக் கொடுக்கும். நீளத்தில் கொடுக்காது.

சர்க்கரை உள்ளவர்களின் கவனத்திற்கு

இந்தியாவில் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் முன்நின்று நடத்தி 2023-ல் வெளியான ஆய்வு மதிப்பிட்டிருக்கிறது. இந்த நோய் நாளடைவில் காலின் நரம்புகளை மரத்துப்போகச் செய்கிறது. ஆணி குத்தினாலும் தெரியாது, செருப்புக் கடித்தாலும் தெரியாது.

மரத்துப்போன காலுக்கு எப்படிச் செருப்புச் செய்வது என்று கண்டுபிடித்ததில் நம் வேலூருக்குப் பெரும் பங்கு உண்டு. டாக்டர் பால் பிராண்ட் 1914-ல் கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேயர். 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியில் சேர்ந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் நோயினால் தாமே அழுகி விழுகின்றன என்றுதான் அன்று நம்பினார்கள். உணர்ச்சி இல்லாததால் படும் காயங்களும், வலி தெரியாமல் புண்ணின் மேலேயே நடப்பதுமே காரணம் என்று அவர் எடுத்துக்காட்டினார். அவரும் அவரோடு இருந்தவர்களும் வேலூரிலும் கரிகிரியிலும் நுண்ணிய காற்றறைகள் கொண்ட மெத்தென்ற ரப்பரில் செருப்புச் செய்து கொடுத்தார்கள். எம்.சி.ஆர். செருப்பு என்று இன்று நாம் சொல்வது அதைத்தான். 1966-ல் அவர் அமெரிக்காவில் லூசியானா மாநிலத்துக்குச் சென்றார். தொழுநோயாளியின் பாதத்தில் கற்ற பாடம் அங்கே சர்க்கரை நோயாளியின் பாதத்துக்கும் பயன்பட்டது.

அந்தப் பாடம் இதுதான். ஒரே இடத்தில் சிறிய அழுத்தம் ஆயிரம் முறை விழுந்தால், பெரிய அடி ஒருமுறை விழுவதற்குச் சமமான கேடு உண்டாகும். வலி தெரிகிறவர் தன்னை அறியாமலே காலை மாற்றி வைத்துக்கொள்வார். மரத்த காலுக்கு அந்த எச்சரிக்கை மணி இல்லை. எனவே சர்க்கரை உள்ளவர்கள் கீழ்க்கண்டவற்றைக் கட்டாயமாகக் கவனிக்கவேண்டும்.

விரலிடுக்கில் வார் மாட்டும் செருப்பு வேண்டாம். பின்வார் உள்ளதும், ஒட்டிப் பிரிக்கும் பட்டையால் இறுக்கவும் தளர்த்தவும் கூடியதுமான செருப்பு நல்லது. ஆணி அடித்துச் செய்த செருப்பு கூடவே கூடாது. உள்மெத்தையை விரலால் அழுத்தினால் அமுங்கி உடனே எழவேண்டும்.

புதுச் செருப்பை முதல் நாள் ஒரு மணி நேரத்துக்கு மேல் போடாதீர்கள். கழற்றியதும் பாதத்தைப் பாருங்கள். எங்காவது சிவந்திருந்தாலோ, தொட்டால் சூடாக இருந்தாலோ அந்தச் செருப்பு உங்களுக்கானது அல்ல.

அணிவதற்கு முன் ஒவ்வொரு முறையும் உள்ளே கைவிட்டுப் பாருங்கள். நம் கடையில் ஒரு கொண்டைக்கடலை உள்ளே விழுந்து கிடந்தால் போதும், மாலைக்குள் புண் வந்துவிடும்.

மருத்துவமனையில் 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையைப் பாதத்தில் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஐந்து நிமிட வேலை. வருடம் ஒருமுறையாவது இதைச் செய்துகொள்ளுங்கள். பத்து கிராமுக்குத் தராசு பார்க்கும் நாம், நம் பாதத்துக்கும் அதைப் பார்க்கவேண்டாமா?

கடைக்குள் காலணி போடலாமா?

இது பலருக்கும் மனதில் உறுத்தும் கேள்வி. லட்சுமி படத்துக்கு விளக்கேற்றும் இடத்தில் தெருவில் நடந்த செருப்போடு நிற்க நமக்கு மனம் வராது. அந்த மரியாதை நல்லதுதான். அதற்கு ஒரு வழியும் உண்டு. கடைக்கு என்றே ஒரு ஜோடி புதிதாக வாங்குங்கள். அது வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கவே கூடாது. கடைக்குள்ளேயே இருக்கட்டும். பூஜை செய்யும்போது அதைக் கழற்றி வைத்துவிடுங்கள். விளக்கேற்றி முடித்ததும் மறுபடி அணிந்துகொள்ளுங்கள். தெருவின் அழுக்கு கடைக்குள் வராது, கடையின் ஊசியும் ஆணியும் காலில் ஏறாது. நான் முன்னே சொன்ன அண்ணாச்சி இப்போது இப்படித்தான் செய்கிறார்.

அதோடு தராசுக்கு எதிரே, நிற்கும் இடத்தில் ஒரு கெட்டியான ரப்பர் விரிப்பைப் போடுங்கள். அரை அடி உயரத்தில் ஒரு பலகை வைத்து, இந்தக் காலையும் அந்தக் காலையும் மாற்றி மாற்றி அதன்மேல் வைத்து நில்லுங்கள். இடுப்புக்கும் அது நிம்மதி.

மலிவு எது, விலை உயர்ந்தது எது?

ஓர் உதாரணக் கணக்குப் போடுவோம். 250 ரூபாய்க்கு ஒரு ஜோடி வாங்குகிறோம், நான்கு மாதத்தில் தேய்ந்துவிடுகிறது. 120 நாளைக்கு 250 ரூபாய், ஒரு நாளைக்கு 2 ரூபாய் 8 காசு. இன்னொருவர் 1,200 ரூபாய்க்குத் தைத்த சோல் உள்ள தோல் ஷூ வாங்குகிறார், பதினெட்டு மாதம் வருகிறது. ஒரு நாளைக்கு 2 ரூபாய் 22 காசு. ஏறக்குறைய சமம். பிறகு 300 ரூபாய் கொடுத்துப் புது சோல் போட்டு இன்னும் ஒரு வருடம் ஓட்டுகிறார். மொத்தம் 900 நாளைக்கு 1,500 ரூபாய், ஒரு நாளைக்கு 1 ரூபாய் 67 காசு. மலிவுச் சரக்கே கடைசியில் அதிக விலையாகிறது. இதில் கால்வலிக்கு வாங்கிய மாத்திரையின் கணக்கைச் சேர்க்கவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் ஜோடி 2,500 ரூபாய் வரையுள்ள காலணிக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முடிந்தவர்கள் இரண்டு ஜோடி வைத்து ஒருநாள் விட்டு ஒருநாள் அணியலாம். வியர்வை முழுவதும் உலர ஒரு நாள் ஆகும். நனைந்த தோல் ஷூவை வெயிலிலும் அடுப்படியிலும் காயவைத்தால் தோல் வெடிக்கும். உள்ளே பழைய செய்தித்தாளைத் திணித்து நிழலில் வையுங்கள். உப்பு சிந்தினால் உடனே ஈரத்துணியால் துடையுங்கள். அது தோலையும் தையலையும் தின்னும். மாதம் ஒருமுறை ஷூவை மேஜைமேல் வைத்துப் பின்பக்கமிருந்து பாருங்கள். குதி ஒரு பக்கமாகத் தேய்ந்து சாய்ந்திருந்தால் சோல் மாற்றும் காலம் வந்துவிட்டது.

வேலை செய்கிறவர்களின் கால்கள்

கடைசியாக ஒன்று. 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-ல் ஒரு திருத்தம் கொண்டுவரப்பட்டது. கடையில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை வைக்கவேண்டும், வேலை நேரம் முழுதும் அவர்களை நிற்கவைக்கக் கூடாது என்பது அதன் சாரம். சட்டத்துக்குப் பயந்து ஒரு ஸ்டூலை மூலையில் போட்டு அதன்மேல் சரக்கை அடுக்கி வைப்பதில் பயனில்லை. கூட்டம் இல்லாத நேரத்தில், "உட்காருப்பா" என்று நாமே ஒரு வார்த்தை சொன்னால்தான் பையன் உட்காருவான்.

தீபாவளிக்கு வேட்டி சட்டை எடுத்துக் கொடுக்கிறோம். இந்த வருடம் குடோனில் வேலை செய்கிறவர்களுக்கு அதோடு ஒரு ஜோடி நல்ல பூட்ஸும் எடுத்துக் கொடுங்கள். எட்டாம் நம்பர் என்று மொத்தமாக வாங்கிவிடாதீர்கள். ஒவ்வொருவரையும் காகிதத்தில் நிற்கவைத்துக் கோடு போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். அந்த வேலைக்கு ஆளுக்கு ஒரு நிமிடம் ஆகும்.

நாளைக் காலை கடை திறந்ததும் உங்கள் பாதத்தையும் அதேபோல் ஒரு காகிதத்தில் வரைந்து, இப்போது போட்டிருக்கும் செருப்பை அதன்மேல் வைத்துப் பாருங்கள். கோடு வெளியே தெரிகிறதா?